பூஜையில் வைத்த ஸ்பேனர்

கறுப்பு வயரை முதலில் கழற்ற வேண்டும், சிவப்பைப் பிறகு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு பிறகு. இவ்வளவுதான் விஷயம், இதைக்கூட மனசில் நிறுத்த முடியாமல் ஒரு மனுஷன் தவிப்பானா என்று யாராவது சென்னியப்பனைக் கேட்கலாம். தவித்துக்கொண்டுதான் இருந்தார். காரின் பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தியாயிற்று. புது பேட்டரி அட்டைப்பெட்டிக்குள் போர்ட்டிகோ தூணோரம் இருக்கிறது. பழசு உள்ளே செத்துக் கிடக்கிறது. சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி, முனகல்கூட இல்லை. பின் சீட்டில் மனைவி சுலோச்சனா கிளம்பி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் துணிப்பை, பைக்குள் இரண்டு சேலை, ஒரு சீப்பு, காலையில் சாமிக்குப் படைத்த பொரியில் ஒரு பிடி. "ஏனுங், இன்னும் கெளம்பலீங்களா?" என்றாள். "இதா ஆச்சு அம்மிணி." "பொழுது எறங்கிருச்சுங். வீட்டுக்குப் போலாங்." எந்த வீட்டுக்கு என்று கேட்கக் கூடாது. கேட்டுப் பார்த்து அழவைத்த காலமெல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு நேர் பின்னால் இருப்பதுதான் அவளுடைய வீடு, சிங்காநல்லூரில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, ஜன்னலை அரையடி இறக்கி வைத்ததற்குக் கொத்தனாரோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். ஆனாலும் தினமும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் போனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், வீட்டுக்குப் போகணும் என்று. இதுதான் நம்ம வீடு அம்மிணி என்று எத்தனையோ தடவை சொன்னார், கரண்டு கார்டைக் காட்டினார், கிரகப்பிரவேச போட்டோவைக் காட்டினார், ஒரு நாள் பொறுமை போய் அதட்டியும் பார்த்தார், அன்றைக்கு அவள் நடுங்கிய நடுக்கத்துக்குப் பிறகு அதட்டுவதே இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், வேறு வழி தெரியாமல், சரி வா போலாம் என்று காரில் ஏற்றி, குளத்தேரி வழியாக மார்க்கெட்டைச் சுற்றி, திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, இதே கேட்டுக்கு முன்னால் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டி, வீடு வந்துருச்சு அம்மிணி என்றார். அவள் இறங்கினாள். அப்பாடா என்றாள். நேரே உள்ளே போய் விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எங்கெங்கயோ சுத்திட்டோமுங் என்று சிரித்தாள். அன்றையிலிருந்து தினமும் அந்த ஒரு சுற்றுதான் மருந்து. டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் டாக்டர் மனசு ஆறுவதற்கு.

அந்த மருந்து இன்றைக்குப் பார்த்தா தீரவேண்டும், நல்ல நாளும் அதுவுமாய். ஆயுத பூஜை. நேற்று பூஜைக்காகக் காரைக் கழுவித் துடைத்தபோது எந்தக் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டாரோ, உள் விளக்கு ராத்திரி முழுக்க எரிந்து, ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த பேட்டரி மூச்சை விட்டுவிட்டது. கடைக்காரர் மருதாசலம் தங்கமான மனுஷன், ஃபோன் போட்ட கையோடு புதுசைக் கொண்டுவந்து இறக்கினார், ஆனால் மாட்டித்தரச் சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பூஜை போட்டாச்சுங்ணா. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்குக் காலைல மறுபூஜை முடிச்சு, மொத வண்டி உங்க வண்டிதான்." நாளைக் காலை வரைக்கும் என்றால் நடுவில் ஒரு சாயங்காலம் இருக்கிறதே, அதை மருதாசலத்துக்கு எப்படிச் சொல்வது. சொல்லலாம். சொன்னால் அவர் மனசு கேட்காமல் வந்துவிடுவார், வந்து, பின் சீட்டில் பையோடு உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பார், அக்கா நல்லா இருக்கீங்களா என்பார், இவள் யாருங் நீங்க என்பாள். வேண்டாம். ஊருக்கு இது தெரிய வேண்டாம். ஆட்டோ வைத்துச் சுற்றலாம் என்றால் அதையும் முயற்சி பண்ணியாயிற்று, போன மாசம் கார் சர்வீசுக்குப் போனபோது. ஆட்டோவைப் பார்த்ததும் அவள் அடம் பிடித்தாள், அவரு கார்லதான் போவேன் என்று. கையை உதறிக்கொண்டு கேட்டைத் திறந்து விறுவிறுவென்று நடந்தவள்தான், செருப்பில்லாமல், திருச்சி ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நின்றவளை யாரோ புண்ணியவான்கள் பிடித்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். அந்த வாரமே மகள் சுபாஷிணிக்கு விஷயம் எட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லியிருப்பார், இன்றைக்குப் பார்த்து அவரும் ஊருக்குப் போய்விட்டார், இருந்தால் அவர் வண்டியை வைத்தாவது இதைக் கிளப்பியிருக்கலாம். உதவிக்கு இல்லை, உபத்திரவத்துக்கு மட்டும் வாய் இருக்கிறது. இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, பாவம், நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்.

ஸ்பேனரை எடுக்கப் பூஜை அறைக்குப் போனபோதுதான் அதன்மேலிருந்த சந்தனப் பொட்டு கண்ணில் பட்டது. காலையில் சுலோச்சனா தானாகவேதான் கேட்டாள், ஸ்பேனரெல்லாம் எங்கீங், கொண்டாங்க என்று. தன் பெண்ணின் பெயர் தெரியாதவளுக்கு இன்றைக்கு ஆயுத பூஜை என்று எப்படித் தெரிந்தது என்று அதிசயித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். தெருவில் வாழைக்கன்று விற்றவன் சத்தம் காதில் விழுந்திருக்கலாம். சந்தனத்தைத் தண்ணீர் அதிகம் போகாமல் குழைத்தாள். அரிவாள்மனைக்கு மூன்று பொட்டு, கத்தரிக்கோலுக்கு, சுத்தியலுக்கு, பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு, அதன்மேல் குங்குமம், ஒன்றுகூடக் கோணவில்லை. அந்தக் கை எதையும் மறக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சமையலறையில் நின்று அழுதார், அவளுக்கு எதற்கு என்று தெரியவில்லை, அழாதீங், கண்ணுல சந்தனம் பட்டுருச்சுங்களா என்றாள். இப்போது அதே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், கார்க் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள். "சாமிகிட்ட வெச்சத எதுக்குங் எடுத்தீங்க? இன்னைக்குத் தொடக் கூடாதுங். ஆகாதுங்." முகமெல்லாம் பதறிப்போயிற்று. சென்னியப்பனும் தொடாதவர்தான். கம்பெனியில் இருந்த காலமெல்லாம் பூஜை போட்ட பிறகு ஒரு பேனா மூடியைக்கூடக் கழற்றியதில்லை. என்ன செய்ய. "மறுபூஜை ஆயிருச்சு அம்மிணி. பூஜை நேத்து. இன்னைக்குக் காலைல நீதான மறுபூஜை பண்ணுனே?" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நேற்று என்பது அவளிடம் இருந்தால்தானே அதில் தேடிப் பார்ப்பாள். "ஆமாங், நாந்தான் பண்ணுனேன்" என்றாள். அவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாள். நாற்பது வருஷம் காய்கறிக்காரனிடம்கூட ஏமாறாதவள். சீ என்று இருந்தது அவருக்கு. சாமியை ஏமாற்றியதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, சாமி சமாளித்துக்கொள்ளும்.

கறுப்பு. கறுப்பு முதலில். கறுப்புப் பக்கம் பூரா வெள்ளையும் பச்சையுமாய்ப் பொடி பூத்து இறுகிப்போய்க் கிடந்தது. வெந்நீர் ஊற்றினால் கரையும் என்று மருதாசலம் சொல்லியிருந்தார், போட்டுக் கொண்டுவந்து ஊற்றினார், நுரைத்துக்கொண்டு கரைந்தது, ஸ்பேனரில் இருந்த சந்தனப் பொட்டும் சேர்ந்து கரைந்து விரலில் ஒட்டியது. நட்டு அசைவேனா என்றது. எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதே ஒரு நிமிஷம் புத்தியில் வரவில்லை, இதுவும் அந்த வியாதிதானோ, நமக்கும் தொடங்கிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தார். கோயமுத்தூர்க்காரன் என்றால் ஸ்பேனரோடு பிறந்தவன் என்று ஊரில் நினைப்பு. சென்னியப்பன் பம்ப்செட் கம்பெனியில்தான் வேலை பார்த்தார், ஆனால் கொள்முதல் பிரிவில், மேஜை போட்டு. நட்டும் போல்ட்டும் வாங்கிக் குவித்தவர் ஒரு நட்டைத் திருகியது கிடையாது. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் சுலோச்சனாதான் ஆள் கூப்பிடுவாள், ஆள் வராவிட்டால் அவளே சேலையைச் செருகிக்கொண்டு இறங்குவாள், இவர் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பார். இன்றைக்கு டார்ச் அடிக்கக்கூட ஆளில்லை. "அம்மிணி, இருக்கியா?" என்றார் பானட்டுக்கு இந்தப் பக்கமிருந்து. தூக்கிய பானட் பின் சீட்டை முழுக்க மறைத்துவிட்டது. "இருக்கேனுங்" என்றது குரல். கண்ணாடியை இறக்கலாமென்றால் பேட்டரி இல்லாமல் இறங்காது, உள்ளே வெந்துபோவாளே என்று பின் கதவைத் திறந்தே வைத்திருந்தார். இருக்கியா, இருக்கேனுங். அந்தக் குரல் வருகிற வரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காலையில் ஃபோனில் சுபாஷிணியும் இதே மாதிரிதான் கேட்டாள், அப்பா லைன்ல இருக்கீங்களா, ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க என்று. நாளைக்கு விஜயதசமி, பெங்களூரிலிருந்து கிளம்பி வருகிறாள். துடியலூர்ப் பக்கம் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம், நர்ஸ் இருப்பார்களாம், தோட்டமெல்லாம் இருக்கிறதாம், இதே மாதிரி ஆளுகளுக்கென்றே நடத்துகிறார்களாம். "உங்களால முடியலைன்னு ஒத்துக்குங்கப்பா. அம்மாவைப் பார்த்துக்கிட்டே இருந்தா நீங்க போய்ச் சேர்ந்துருவீங்க." "எனக்கு என்ன கேடு? கார் ஓடற வரைக்கும் நான் பார்த்துக்குவேன்." "கார் ஓடலைன்னா?" இந்தக் கேள்வியைக் கேட்டபோது கார் ஏற்கெனவே ஓடவில்லை. அதை அவளிடம் அவர் சொல்லவில்லை.

சரக். கழன்றுவிட்டது. கறுப்பு கழன்று பக்கவாட்டில் ஒதுங்கியது. அடுத்தது சிவப்பு, அதன் ரப்பர் மூடியைத் தூக்கி, திருகித் திருகி, இதென்ன வரிசை, ஏன் கறுப்பு முதலில், மருதாசலம் காரணம் சொன்னார், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் நெருப்பு பறக்கும் என்றார், அதற்கு மேல் இவர் காதில் விழவில்லை, ஏனென்றால் வரிசை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு டாக்டர் ஞாபகம் வந்துவிடுகிறது. டாக்டரும் ஒரு வரிசைதான் சொன்னார். சின்ன வயசுப் பையன், முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான், ஞாபகத்துல கடைசியா வந்ததெல்லாம் முதல்ல போகும் சார், பழசுதான் ரொம்ப நாள் நிக்கும். அப்படியேதான் நடக்கிறது. பேரப் பிள்ளைகள் முதலில் போனார்கள். பிறகு மருமகன். பிறகு சுபாஷிணியின் கல்யாணம், அப்புறம் ஒரு நாள் சுபாஷிணியே. ஃபோனில் அம்மா என்று கூப்பிட்டவளிடம், உங்க அம்மா வேற எங்கியாவது இருப்பாங்க கண்ணு, தேடிப் பாரு என்றாள். அந்தப் பக்கம் மகள் அழுதது இந்தப் பக்கம் அவருக்குத்தான் கேட்டது. அதற்கடுத்து இந்த வீடு போனது. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாய் முன்னால் நகர்ந்து கழிகிறது, அடுத்து நிற்பது யார்? சென்னியப்பன்தான் நிற்கிறார். தனக்குப் பின்னால் அவளுடைய அப்பா வீடு, பள்ளிக்கூடம், செத்துப்போன தங்கை, எல்லாரும் பத்திரமாக நிற்கிறார்கள். அவள் வாழ்க்கையில் அவர்களுக்கும் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா, பக்கத்து வீட்டுப் பையனாய்ப் பிறந்து ஆறு வயசில் அவளோடு விளையாடியிருக்கக் கூடாதா, கல்யாணத்தன்றுதானே முகத்தையே பார்த்தார். வீட்டுக்குப் போலாங் என்கிறாளே, அந்த வீட்டில் நான் இருக்கிறேனா? இதைக் கேட்டுவிடத்தான் தினமும் வாய் வரும், குளத்தேரியில் திரும்பும்போது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார். "அம்மிணி, இருக்கியா?" "இருக்கேனுங். நீங்க மெதுவாப் பாருங், கை பத்தரம்." பத்திரமாம். என்னைத்தான் சொல்கிறாள். இன்றைக்கு நான் இருக்கிறேன். ஏழு கடல் தாண்டினாற்போல ஒரு சந்தோஷம் வந்து, உடனே வெட்கமாகவும் இருந்தது.

பேட்டரியை அழுத்திப் பிடித்திருந்த மேல்பட்டியின் இரண்டு நட்டையும் கழற்றி, பட்டியை எடுத்து, பழைய பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். என்ன கனம். செத்ததற்குத்தான் கனம் அதிகம் போல. இடுப்பில் சுளீர் என்றது, முந்தாநாள் குளியலறையில் அவளைத் தூக்கி நிறுத்தியபோது பிடித்துக்கொண்ட அதே இடம். அவளும் இப்படித்தான் திடீரென்று கனத்துப் போவாள், கால் எதற்கு இருக்கிறது என்பதையே மறந்துவிட்டவள் போல் அப்படியே உட்காருவாள். மடியில் வைத்துச் சாப்பிட வைக்கவும் துணி மாற்றிவிடவும் அவருக்குக் கூச்சமே இல்லை, அதை நினைத்து அவருக்கே ஆச்சரியம், ஆயுசில் ஒரு தட்டைக் கழுவியிராதவர். பார்த்துவிடலாம். இதையும் பார்த்துவிடலாம். கை இருக்கிறது, கார் இருக்கிறது. புதுசைத் தூக்கி இறக்கினார், பாந்தமாக உட்கார்ந்தது. மேல்பட்டியை வைத்து ஒரு நட்டை முடுக்கி, அடுத்த நட்டை எடுத்து நுனியில் வைத்தாரோ இல்லையோ, வழுக்கிவிட்டது. டிங், டிங், டக். எங்கேயோ போய் விழுந்தது. கீழே குனிந்து பார்த்தால் தரையில் இல்லை. உள்ளே எங்கேயோ தட்டில் தங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு எஞ்சின்மேல் கவிழ்ந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். கிரீஸ், தூசி, காய்ந்த வேப்பிலை, ஏதோ ஒரு ரப்பர். தோல் கிழிந்தது, பரவாயில்லை. பொழுது மங்கிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு நட்டு இல்லாவிட்டால் பேட்டரி ஆடும், ஆடினால் வழியில் கழன்று நின்றுபோனால் குளத்தேரியில் இருட்டில் இவளை வைத்துக்கொண்டு, ஐயோ, நாளைக்குச் சுபாஷிணி வரும்போது இந்த வீடு எந்த லட்சணத்தில் இருக்கும். பானட்டுக்கும் இவர் கண்ணுக்கும் நடுவில் உலகமே அந்த நட்டு மட்டும்தான். சனியனே, எங்கதான் போனே. நட்டைத் திட்டினார், கதவைச் சாத்தாத தன்னைத் திட்டினார், வயசைத் திட்டினார், தோட்டமெல்லாம் இருக்கிறதாம், தோட்டத்தில் வைத்து என்ன செய்வார்கள், சாயங்காலம் இவள் பையை எடுத்துக்கொண்டு நின்றால் யார் காரில் ஏற்றுவார்கள், ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான். கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது. துடைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் கறுப்பு.

விரல் நுனியில் என்னமோ உருண்டது. கிடைத்துவிட்டது. நட்டைக் கையில் எடுத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. முடுக்கினார். சிவப்பு முதலில், சிவப்பை மாட்டி இறுக்கினார். கறுப்பைக் கொண்டுபோய்த் தொட்டதும் பட்டென்று ஒரு பொறி, பூஜையில் வைத்ததை எடுத்ததற்குத்தான் என்று தோன்றி, உடனே பார்த்தால் பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்த சந்தில் மஞ்சளாக வெளிச்சம். காரின் உள் விளக்கு எரிகிறது. கதவு திறந்திருப்பதால் எரிகிறது. உயிர் வந்துவிட்டது! "அம்மிணி, லைட்டு எரியுது பாரு! வண்டி ரெடி!" அவசர அவசரமாக இறுக்கினார், தான் கடைசியாக எப்போது இருக்கியா என்று கேட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நட்டு விழுந்ததிலிருந்து கேட்கவில்லை. "அம்மிணி?" பானட்டை இறக்கினார். விளக்கு காலி சீட்டின்மேல் எரிந்துகொண்டிருந்தது. பை இல்லை. பொரி இரண்டு மூன்று சிதறிக் கிடந்தது. ஐயோ என்று கேட்டுக்கு ஓடினார். சங்கிலி போட்டது போட்டபடி பூட்டியிருக்கிறது. சுவரோரம், தென்னைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி, தொட்டி மூடியிருக்கிறது, கடவுளே மூடியிருக்கிறது. ரோட்டில் பஸ் போகிற சத்தம் இங்கிருந்தே பயங்கரமாகக் கேட்டது. அப்போதுதான் வீட்டுப் பக்கம் ஒரு சத்தம். ஸ்பேனர் எடுக்கப் போனவர் திறந்து போட்டிருந்த முன்கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மேல் தாழ்ப்பாள் போடுகிற சத்தம். பின் கதவுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போட்டவர் அவரேதான், அவள் வெளியே போய்விடக் கூடாதென்று.

ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கூடத்து விளக்கைப் போட்டிருந்தாள். விசிறி ஓடியது. நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, பையைப் பக்கத்தில் வைத்து, முகத்தில் அப்படியொரு நிம்மதி. எத்தனை மாசமாகப் பார்க்காத முகம். தானாகவே இறங்கி வந்து, தானாகவே இது வீடு என்று கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோயில் கோயிலாகப் போய் அவர் கேட்டது இதைத்தான். "அம்மிணி! கதவைத் தொற." அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே பனியனும் கிரீஸும் கறுப்புக் கையுமாய் ஒரு ஆள். பயப்படவில்லை, மரியாதையாகத்தான் எழுந்து வந்தாள். "யாருங்?" "நாந்தான்." "அவரு இல்லீங். கார் எடுத்துட்டு வெளிய போயிருக்காரு. இப்ப வந்துருவாரு, நீங்க அப்பறமா வாங்க." "அம்மிணி, நாந்தான் சென்னியப்பன்." "ஆமாங், அவரு பேருதான். அவரத்தான் பார்க்கோணுமா? வந்தா சொல்றேனுங்." "கொஞ்சம் கதவைத் தொறயேன், கை கழுவிக்கறேன்." "தப்பா நெனச்சுக்காதீங். ஆம்பளை இல்லாத வீட்டுல தொறக்க மாட்டேனுங். நானும் இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன்." என்ன ஒழுங்கான பேச்சு. ஒரு சொல் பிசகவில்லை. கத்தலாம், கதவைத் தட்டலாம், கத்தினால் நடுங்குவாள், அந்த நிம்மதி போய்விடும், தன் கையாலேயே கெடுத்தவராகிவிடுவார். கேஸ் சிலிண்டரை மூடித்தான் வைத்திருக்கிறார், லைட்டர் அலமாரிக்கு மேல். இவரைத் தவிர அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

வெளிக்குழாயில் கையையும் முகத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சட்டை முன் சீட்டில் மடித்துக் கிடந்தது, சுற்றிவரப் போகும்போது போட்டுக்கொள்ள எடுத்து வைத்தது, போட்டுக்கொண்டார். தலையைக் கையால் படிய வாரினார். அவளை உள்ளே விட்டுவிட்டுப் போகலாமா, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தானே இருக்கிறாள், கேட்டையும் வெளியே பூட்டிவிடலாம், ஒரு சுற்று, வழக்கமான சுற்று, அவ்வளவுதான். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது, புது பேட்டரி, ஒரு தட்டில் எடுத்துவிட்டது. தானே செய்த வேலை. டார்ச் அடித்தவர் செய்த வேலை. இதை யாரிடம் சொல்லிப் பெருமைப்பட. குளத்தேரியில் லாரிகளெல்லாம் முன்னால் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன, பட்டறை வாசல்களில் பூசணிக்காய் உடைத்துச் சிவந்து கிடந்தது, வாகனங்கள் அதன்மேல் ஏறி ஏறிப் போயின. சறுக்கிடப் போகுது, பத்தரம் அம்மிணி என்று பின் சீட்டைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளின் விளக்குதான் தெரிந்தது. பைத்தியக்காரத்தனம். ஆனால் இது பலிக்கும். அவளுக்குப் பலித்ததே. இது வீடில்லை என்று அழுதவளை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து இறக்கினால் அதே வீடு வீடாகிவிடுகிறதே, அப்படியென்றால் இவர் அவரில்லை என்றவளிடம் ஒரு சுற்று சுற்றிப் போய் இறங்கினால் இவர் ஏன் அவராகிவிடக் கூடாது? மார்க்கெட்டில் திரும்பினார். திருச்சி ரோட்டில் வழக்கமான இடத்துக்கு ஒரு அடி முன்னாலும் திரும்பவில்லை, ஒரு அடி தள்ளியும் திரும்பவில்லை, குறுக்கே போனால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம். படித்த மனுஷன், ஓய்வு பெற்ற அதிகாரி, இப்படி நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். கம்பெனியிலிருந்து வருகிற காலத்தில் இரண்டு ஹாரன் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவைத் திறப்பாள். அந்தச் சத்தம் பழசுதானே. பழசு நிற்கும் என்றுதானே அந்த டாக்டர் பையன் சொன்னான்.

கேட்டைத் திறந்து காரை உள்ளே விட்டு, நிறுத்தி, ஹாரனை இரண்டு தட்டுத் தட்டினார். ஜன்னல் திரை விலகியது. அவள் முகம் தெரிந்தது, தெரிந்து, மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன நாளில் மலர்ந்த மாதிரி. தாழ்ப்பாள் விலகியது, கதவு திறந்தது, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுலோச்சனா வாசலுக்கே வந்துவிட்டாள். அவர் காரிலிருந்து இறங்கிப் படியருகே போய் நின்றார். அவள் அவரைத் தாண்டிக் காரைப் பார்த்தாள். குனிந்து முன் சீட்டைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள். "கார் வந்துருச்சுங். அவரு வரலீங்களா?" பதில் சொல்லாமல் நின்றால் அந்த முகம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், இதோ ஆகத் தொடங்கிவிட்டது, கீழுதடு நடுங்குகிறது. "வந்துட்டே இருக்காருங்க" என்றார். "வழில ஒருத்தரப் பார்த்துப் பேசிட்டிருக்காரு. வண்டிய மட்டும் முன்னால கொண்டுபோகச் சொன்னாரு." "அவரு அப்படித்தானுங், பேச ஆரம்பிச்சா நேரமே தெரியாது" என்று அவள் சிரித்தாள். "வரட்டுங். வந்ததும் காபி போடறேன், நீங்களும் ஒரு வாய் குடிச்சுட்டுப் போலாங். உக்காருங் டிரைவர்." மேல்படியில் அவள் உட்கார்ந்தாள். அதற்குக் கீழ்ப்படியில் அவர் உட்கார்ந்தார். தெரு விளக்கு எரிந்தது. கேட் திறந்தே கிடந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள், சென்னியப்பன் வந்துவிடுவாரா என்று சென்னியப்பனும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தார்.